முதலில் ஊசியா, முதலில் தளர்வா? 2021-இல் நம் முன்னால் இருந்த நான்கு வழிகள்

2021 ஜூனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு வாக்குவாதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கூடவே ஆன்லைன் வேலைகளும் செய்து தருவேன். கொரோனா இரண்டாவது அலைக்காகப் போட்ட முழு ஊரடங்கில் கடையைத் திறக்க முடியாது என்பதால் லேப்டாப்பையும் பிரிண்டரையும் வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன். வெளி மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போக இ-பதிவு என்ற ஆன்லைன் பயணப் பதிவு வேண்டும், தடுப்பூசிக்கு முன்பதிவு செய்யும் கோவின் தளத்தில் ஸ்லாட் பிடித்துத் தர வேண்டும் என்று போன் செய்துவிட்டு ஒவ்வொருவராக வருவார்கள்.

அன்றைக்கு வந்தவர்களில் ஒருவர் விசைத்தறி ஓட்டுகிறவர், இன்னொருவர் ஓய்வு பெற்ற வாத்தியார். "எல்லாருக்கும் ரெண்டு ஊசி போட்டு முடிக்கிற வரைக்கும் ஒண்ணையும் திறக்கக் கூடாதுங்க" என்றார் வாத்தியார். தறிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு மாசமானா பென்ஷன் வந்துருதுங்க சார். எனக்குத் தறி ஓடுனாத்தான் சனிக்கிழமை கூலி." வாத்தியார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "போன மாசம் என் தம்பிக்கு ஆக்ஸிஜன் பெட் தேடி மூணு ஆஸ்பத்திரி அலைஞ்சேன். நாலாவது ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போயிட்டான்." தறிக்காரர் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஊரடங்கைப் பற்றி அந்த ஆறேழு மாதங்களில் நான் கேட்ட அபிப்பிராயம் எல்லாமே இப்படித்தான் இருந்தது. யாருக்கு எது போனதோ அதிலிருந்துதான் பேசினார்கள். வேலை போனவர் திறக்கச் சொன்னார், ஆள் போனவர் மூடச் சொன்னார். கட்சி, படிப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான். இன்னொரு தொற்று வந்தால் இதே கேள்வி மறுபடி வரும், அன்றைக்கும் இதே நான்கு வழிகள்தான் நம் முன்னால் இருக்கும் என்பதால் அவற்றை இப்போது, பதற்றம் இல்லாத நேரத்தில், ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதல் வழி வாத்தியார் சொன்னது. எல்லோருக்கும் ஊசி, அதற்குப் பிறகு தளர்வு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஏறக்குறைய 6 கோடிப் பேர். ஆளுக்கு இரண்டு என்றால் 12 கோடி டோஸ். ஒரு நாளைக்கு 3 லட்சம் என்று வைத்தால்கூட 400 நாள் ஆகும், அந்த 3 லட்சத்துக்கே அப்போது கையில் சரக்கு இல்லை. 2021 மே 1 முதல் 18 வயதானவர்களும் போடலாம் என்று அறிவித்துவிட்டார்கள், ஊசிதான் வரவில்லை. மாநில அரசு மூன்றரைக் கோடி டோஸுக்கு உலக அளவில் டெண்டர் விட்டது, ஒரு கம்பெனியும் முன்வரவில்லை. ஜூன் 21 முதல் மத்திய அரசே வாங்கி எல்லோருக்கும் இலவசமாகத் தருவது என்று ஆன பிறகுதான் மெல்ல மெல்ல வரத்து கூடியது. அதுவரை எங்கள் பக்கம் டோக்கனுக்காக விடியற்காலை 4 மணிக்குச் செருப்பை வரிசையில் போட்டு இடம் பிடித்தார்கள். கோவினில் ஸ்லாட் திறந்தால் ஓடிபி வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடும். ஒரு நாள் ஒரே ஆளுக்காகப் பதினேழு தடவை முயன்றேன், கிடைக்கவில்லை.

அந்த 400 நாளும் தறிக்காரர் எதைச் சாப்பிடுவார்? அரிசி அட்டைக்கு மே மாதம் 2,000, ஜூனில் 2,000, அதோடு 14 வகை மளிகைப் பொருள் கொடுத்தார்கள். வந்தது பேருதவி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 4,000 ரூபாய் அவருக்கு இரண்டு வாரக் கூலிகூட இல்லை. தவணைக்காரர் வாசலில் நிற்கும்போது 'ஊசி வரும் வரை பொறுங்கள்' என்று யாராலும் சொல்ல முடியாது. தொற்று உச்சத்தில் இருக்கும்போது மூடுவது வேறு, ஊசி முடியும் வரை மூடுவது வேறு. மே 21-ஆம் தேதி ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று வந்த சமயத்தில் மூடியது சரி, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த மூடலுக்கு ஊசியைக் கெடுவாக வைத்தால்தான் தப்பு.

இரண்டாவது வழி, ஒரே நாளில் எல்லாவற்றையும் திறந்துவிட்டு ஊசியை அவரவர் விருப்பத்துக்கு விடுவது. இளவட்டங்கள் நிறையப் பேர் இதைத்தான் கேட்டார்கள். "இங்கிலாந்துல எல்லாத்தையும் எடுத்துட்டாங்கண்ணா" என்று செல்போனில் காட்டுவார்கள். எடுத்தது உண்மைதான், 2021 ஜூலை 19-ஆம் தேதி. அன்றைக்கு அங்கே பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இரண்டு டோஸும் போட்டு முடித்திருந்தார்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு இரண்டாவது டோஸ் போட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் திறந்ததைப் பார்த்தோமே தவிர அதற்கு முன்னால் போட்டு முடித்ததைப் பார்க்கவில்லை.

ஒரே நாளில் செய்கிற எதுவுமே நமக்கு ஒத்து வந்ததில்லை. 2020 ஏப்ரல் கடைசியில் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தவுடன் அதற்கு முந்தைய நாள் கோயம்பேடு சந்தையில் கூடிய கூட்டத்தைப் பார்த்தோம். அடுத்த சில நாளில் அந்தச் சந்தையிலிருந்து தொற்று அரியலூர், கடலூர், விழுப்புரம் வரைக்கும் லாரி ஏறிப் போனது. 2021 மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு என்று சொல்லி, அதற்கு முன்னால் இரண்டு நாள் கடைகளையும் வெளியூர் பஸ்களையும் அனுமதித்தபோதும் அதே கூட்டம்தான். பூட்டினாலும் சரி, திறந்தாலும் சரி, ஒரே நாள் என்று கெடு வைத்தால் அந்தக் கெடுவே கூட்டத்தைச் சேர்க்கும். ஊசி போடாத கூட்டம் என்றால் அதன் விலை இன்னும் அதிகம்.

மூன்றாவதாக, ஊசி போட்டவருக்கு மட்டும் திறப்பது. 2021 நவம்பரில் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ், பொது இடங்களுக்கு வருகிறவர்கள் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. டிசம்பரில் மதுரை மாவட்ட நிர்வாகம், ஒரு வாரத்துக்குள் ஒரு டோஸாவது போடாதவர்களுக்கு ரேஷன் கடை, தியேட்டர், டாஸ்மாக் போன்ற இடங்களில் அனுமதி இல்லை என்று சொன்னது. இதற்கு ஆதரவு கொஞ்சநஞ்சம் இல்லை. "நான் போட்டுட்டேன், போடாதவனால நான் ஏன் சாகணும்?" என்று என்னிடமே பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். முதலில் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மாற்றிக்கொண்டதற்குக் காரணம் என் லேப்டாப்பில் பார்த்தது. அந்த வாரங்களில் கடைக்கு வந்தவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, "தேதியை மட்டும் மாத்திக் குடுங்க, ஜெராக்ஸ்ல தெரியாது" என்று அடுத்தவர் சான்றிதழைக் கொண்டு வந்தவர்கள். முடியாது என்று திருப்பி அனுப்பினேன். எல்லாக் கடையிலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை. இன்னொரு வகையில் நம்ம தறிக்காரர். இரண்டாவது டோஸ் போடாமலேயே 'வெற்றிகரமாகப் போட்டுக்கொண்டீர்கள்' என்று அவர் போனுக்குக் குறுஞ்செய்தி வந்திருந்தது. எந்த முகாமில் யார் பதிவு செய்தார்கள் என்று தெரியவில்லை. இலக்கு எண்ணிக்கைக்காக யாரோ ஏற்றிவிட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, "அண்ணா, போய் உண்மையாகவே போட்டுக்கங்க" என்றேன். "அதான் சர்டிபிகேட் வந்துருச்சே தம்பி" என்று அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கையில் சான்றிதழ் இருந்தது, கையில் ஊசி ஏறவில்லை. காகிதத்தைக் கேட்டால் மக்கள் காகிதத்தைத்தான் கொண்டு வருவார்கள்.

தியேட்டருக்குக் கேட்பது ஒரு மாதிரி, ரேஷன் அரிசிக்குக் கேட்பது வேறு மாதிரி. ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவருக்கு வேறு கடை கிடையாது. 2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல் மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று தெளிவாகச் சொன்னது. தொற்று குறைவாக இருக்கும் காலத்தில், போடாதவர்களைப் பொது இடங்களிலிருந்து ஒதுக்கும் கட்டுப்பாடுகளைத் திரும்பப் பெறச் சொன்னது. அரசின் தடுப்பூசிக் கொள்கையைத் தவறு என்று அது சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும், பலர் பாதியை மட்டும் படித்துவிட்டுப் பேசுகிறார்கள்.

நான்காவது வழிக்குப் போவதற்கு முன்னால் ஊசியைப் பற்றியே கொஞ்சம் பேசியாக வேண்டும். ஏனென்றால் தளர்வைப் பற்றிய சண்டை பாதி என்றால், போடுவதா, காத்திருப்பதா, எதைப் போடுவது என்ற குழப்பம் மீதிப் பாதி.

2021 ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு எல்லோரையும் போடச் சொன்னார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி அதிகாலை இறந்துபோனார். மருத்துவர்கள் ரத்தக் குழாய் அடைப்புதான் காரணம், ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். பின்னால் மத்தியக் குழுவும் ஆராய்ந்து அதையே சொன்னது. ஆனால் எங்கள் எதிர்வீட்டு ஆத்தாவுக்கு அந்த அறிக்கை எல்லாம் எட்டவில்லை. "அந்தத் தம்பி நல்லாத்தான் போனாரு, ரெண்டே நாள்ல போயிட்டாரு" என்பதுதான் அவர் மனதில் நின்றது. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். கோவிஷீல்டு புட்டியில் 10 டோஸ், திறந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துப் பேர் சேராததால் திறந்த புட்டி வீணான கதை அந்தச் சமயத்தில் தமிழ்நாடு முழுக்க நடந்தது. இரண்டே மாதத்தில் அதே ஊசிக்கு விடியற்காலை வரிசை.

அந்த ஆத்தாவிடம் நான் ஒரு கணக்கைச் சொன்னேன். அதை இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் நம் மாநிலத்திலேயே எடுத்த கணக்கு. தமிழ்நாடு காவல் துறையில் 1,17,524 பேரை வைத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆராய்ந்தது. 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, இரண்டாவது அலை அடித்த நேரம், 31 பேர் கொரோனாவில் இறந்திருக்கிறார்கள். ஊசியே போடாத 17,059 பேரில் 20 பேர். ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டும் போட்ட 67,673 பேரில் 4 பேர். எல்லோரும் ஒரே மாதிரி வெயிலில், ஒரே மாதிரி சோதனைச் சாவடியில் நின்றவர்கள்.

ஆத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. கேட்டுவிட்டு, "போட்டவங்கள்லயும் நாலு பேரு செத்திருக்காங்கல்ல கண்ணு?" என்றார். சரியான கேள்வி அது. ஊசி போட்டால் ஒன்றுமே வராது என்று சொல்லியிருந்தால் அந்த இடத்தில் நான் மாட்டியிருப்பேன். "ஆமாங்க ஆத்தா, நாலு பேரு" என்றேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். அப்புறம் அவரே சொன்னார், "ஆட்டுக்கொல்லிக்கு ஊசி போட்ட பட்டியில ஒண்ணு ரெண்டு போகும். போடாத பட்டி மொத்தமாப் போயிரும்." இதைவிடத் தெளிவாக எந்த அதிகாரியும் விளக்கி நான் கேட்டதில்லை.

இதனால்தான் பக்கவிளைவை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கோவிஷீல்டு போட்டால் பலருக்கு ஒரு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். லட்சத்தில் ஒன்றிரண்டு பேர் என்ற அளவில் ரத்தம் உறையும் பிரச்சினையை 2021-லேயே ஐரோப்பாவில் கண்டுபிடித்து, சில நாடுகள் அந்த ஊசியை வயதானவர்களுக்கு மட்டும் என்று மாற்றின. கோவாக்சினுக்கு மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வருவதற்கு முன்பே அனுமதி கொடுத்ததால் படித்தவர்களே தயங்கினார்கள். இறுதி முடிவு ஜூலையில்தான் வந்தது, 77.8 சதவீதம் பலன் என்று. இதையெல்லாம் முதலிலேயே எழுதி முகாம் வாசலில் ஒட்டியிருந்தால் வதந்திக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்காது.

கோவிஷீல்டா, கோவாக்சினா என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது. வளைகுடாவுக்கோ வேறு நாட்டுக்கோ போகிறவர் என்றால் கோவிஷீல்டு, ஏனென்றால் கோவாக்சினை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டதே 2021 நவம்பர் 3-ஆம் தேதிதான். இரண்டாவது டோஸ் சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் கோவாக்சின், 28 நாளில் போடலாம், கோவிஷீல்டுக்கு அப்போது 84 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு காரணமும் இல்லையென்றால் பக்கத்தில் எது இருக்கிறதோ அது. தனியார் ஆஸ்பத்திரியில் அப்போது கோவிஷீல்டு 780 ரூபாய், கோவாக்சின் 1,410. அந்தப் பணத்தைக் கடன் வாங்கியாவது கொடுத்துப் போட வேண்டுமா என்று கேட்டவர்களிடம் மட்டும் வீட்டில் எத்தனை வயதானவர்கள், யாருக்குச் சர்க்கரை என்று திருப்பிக் கேட்டேன். அறுபதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு ஒரு மாதம் காத்திருப்பதும் ஆபத்து, இருபத்தைந்து வயதுக்காரர் காத்திருக்கலாம்.

ஆத்தா கடைசியில் போட்டுக்கொண்டது செப்டம்பர் 12-ஆம் தேதி. தமிழ்நாட்டின் முதல் மெகா முகாம் அன்றைக்கு. 40,000 இடங்களில் 20 லட்சம் பேருக்கு என்று திட்டமிட்டு, ஒரே நாளில் 28 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எங்கள் தெரு அங்கன்வாடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓடிபி வேண்டாம், ஸ்லாட் வேண்டாம், ஆதார் அட்டை போதும். வீட்டிலிருந்து ஆத்தா நடந்து போனது நூறு அடிகூட இருக்காது. நர்ஸ் அம்மா அவர் முந்தானையை விலக்கிவிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே போட்டுவிட்டார். அப்புறம் இன்னொன்றும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடுகிறவர்களும் குடிக்கிறவர்களும் ஊசி போட்டால் அதெல்லாம் கூடாது என்று நினைத்து முகாமுக்கு வரத் தயங்குகிறார்கள் என்று தெரிந்ததும், அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். யாரையும் திட்டவில்லை, மிரட்டவில்லை, கிழமையை மாற்றினார்கள். ரேஷனை நிறுத்துவேன் என்று சொல்வதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊசியை வாசலுக்குக் கொண்டு வருவதும் கட்டாயம் என்று சொல்வதும் ஒரே வேலைக்கான இரண்டு கருவிகள் என்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

இப்போது நான்காவது வழி, படிப்படியாக, மாவட்டம் மாவட்டமாகத் திறப்பது. தமிழ்நாடு பெரும்பாலும் செய்தது இதைத்தான். 2021 ஜூனில் 27 மாவட்டங்களுக்குக் கூடுதல் தளர்வு, எங்கள் ஈரோட்டையும் கோவை, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர், நீலகிரி, நான்கு டெல்டா மாவட்டங்களையும் சேர்த்து 11 மாவட்டங்களுக்குக் குறைந்த தளர்வு. ஜூலை 5-ஆம் தேதிதான் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆனது. எங்கள் ஊரில் ஏகப்பட்ட கோபம். திருச்சிக்காரர் டீக்கடையில் டீ வாங்குகிறார், நாங்கள் மட்டும் என்ன பாவம் செய்தோம் என்று கேட்டார்கள். தொற்று எங்கள் பக்கம்தான் குறையாமல் நின்றது, ஆஸ்பத்திரி எங்கள் பக்கம்தான் நிரம்பியிருந்தது, அதனால் அந்தப் பிரிவினை நியாயம்தான். கோபத்துக்குக் காரணம் வேறு, எந்த எண்ணிக்கைக்குக் கீழே வந்தால் எங்களுக்குத் திறப்பார்கள் என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் அறிவிப்புக்காக டிவி முன்னால் உட்கார வேண்டியிருந்தது. நூறு பேருக்குச் சோதித்தால் இத்தனை பேருக்குக் கீழே, இத்தனை ஆக்ஸிஜன் படுக்கை காலி, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் இத்தனை பேருக்கு ஊசி, இந்த மூன்றும் நடந்த மறுநாள் உங்கள் மாவட்டம் திறக்கும் என்று பலகையில் எழுதியிருந்தால் தறிக்காரரும் வாத்தியாரும் சண்டை போடாமல் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். வயதானவர்களுக்கு ஊசி போடுவதில் ஊரே சேர்ந்து முனைந்திருக்கும், ஏனென்றால் அது போட்டால் தறி ஓடும். மூடியிருக்கும் மாவட்டத்துக்கு முதலில் ஊசி, கூடுதலாக நிவாரணம் என்பதையும் சேர்த்துக்கொண்டால் நான் தேர்ந்தெடுப்பது இந்த நான்காவது வழியைத்தான், மற்ற மூன்றும் பக்கத்தில்கூட வராது.

ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன், திறக்கும் வரிசையை. ஜூன் 14-ஆம் தேதி 27 மாவட்டங்களில் மதுக்கடை திறந்தது, எங்களுக்கு ஜூலை 5. தியேட்டர் ஆகஸ்ட் 23. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பள்ளி செப்டம்பர் 1. ஒன்று முதல் எட்டு வரை நவம்பர் 1. ஆசிரியர்களுக்கு முதலில் ஊசி போட்டு, பாதிப் பாதியாகப் பிள்ளைகளை வரவைத்து, திறந்த வெளியில், மரத்தடியில் உட்கார வைத்தாவது சின்னப் பிள்ளைகளின் பள்ளியை மற்றவற்றுக்கு முன்னால் திறந்திருக்க வேண்டும். அப்போது அதைக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு, நானும் கேட்கவில்லை. தறிக்காரருக்கு முதலாளி இருந்தார், கடைக்காரருக்குச் சங்கம் இருந்தது, தளர்வு வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்காக மனு எழுத என் கடைக்கு ஒருவரும் வரவில்லை.

என் மகள் 2020 மார்ச்சில் மூன்றாம் வகுப்பிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். திரும்பப் போனது 2021 நவம்பர் 1-ஆம் தேதி, ஐந்தாம் வகுப்புக்கு. நாலாம் வகுப்பு அறையில் அவள் ஒரு நாள்கூட உட்காரவில்லை. அன்றைக்குக் காலையில் பள்ளி வாசலில் இறக்கிவிட்டபோது, பழைய பழக்கத்தில் மூன்றாம் வகுப்பு வாசலில் போய் நின்றுகொண்டு எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.